மிதிவண்டிச் செலவு

பழந்தமிழில் ‘செலவு’ என்னும் சொல் ஓரிடத்தினின்றும் மற்றோரிடத்திற்குச் செல்லுதலைக் குறித்தது. கைப்பொருளைக் கொடுத்துத் தீர்த்தல் என்பதே இக்காலத்தில் அச்சொல்லுக்கு முதற்பொருளாய் நிற்கின்றது. ஆயினும், கைப்பொருள் மிகுதியாகச் செல்லாமல் மனிதன் மட்டும் சென்று வருதற்குரிய செலவு ஒன்று இன்றும் உண்டு. அதுவே மிதிவண்டிச் செலவாகும். பள்ளிக்குக் காலந்தவறாது போய்ச் சேர்தற்பொருட்டோ, பந்தயத்தில் பிறரை முந்துதற்பொருட்டோ வண்டியை மிதிப்பது ஈண்டுக் கருதப்படவில்லை. விடுமுறை நாளொன்றில், ஆரவாரமற்ற சிற்றூர்ச் சாலைகளின் வழியே, வேண்டிய இடத்தில் நின்றும், வேண்டிய அளவு நோக்கியும் செல்லும் செலவே ஈண்டுக் கூறப்படுவது.

இத்தகைய செலவுக்கு ஏற்ற நிலங்களுள் சூளகிரிப் பகுதியும் ஒன்று என்றால் கேட்போர் வியப்புறக்கூடும். ஓசூருக்கும் கிருட்டினகிரிக்கும் ஏறத்தாழ நடுவில் அமைந்த இவ்வூரைப் பெரும்பாலோர் அறிந்திருப்பது பேருந்தின் சாளரத்தின் வழியாகவேயாம். காசுமீரத்துச் சீநகரிலிருந்து கன்னியாகுமரிவரை நீளும் 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை இவ்வூரை ஒட்டிச் செல்கின்றது. சென்ற நூற்றாண்டின் பிற்பகுதியில் ஓசூரில் தோன்றிய தொழிற்சாலைகளும், பின்னர்ச் சூளகிரிப் பக்கமும் பரவிய தொழிற்பூங்காக்களும் அச்சாலையைச் சரக்குந்துகளால் நிரப்பிவிட்டன. அது மிதிவண்டிக்குரிய வழியன்று. அதிலும், சூளகிரிக்குக் கிழக்கேயுள்ள மேலுமலைக் கணவாயின் இறக்கம் பெரிய ஊர்திகளுக்கே இடர் தருவது. ஆனால், நெடுஞ்சாலையினின்றும் ஓரிரு கிலோமீட்டர் விலகிய அளவிலே நிலமும் ஒலியும் மாறிவிடுகின்றன. புளியமர நிழல், கேழ்வரகுக் கொல்லை, கொத்தமல்லியும் புதினாவும் மணக்கும் தோட்டம், ஏரிக்கரை, யானை படுத்தாற்போன்ற பாறைக்குன்று ஆகிய இவையே அங்குத் துணை.

மெல்லெனச் சென்று நாடு காணும் இவ்வழக்கம் நன்கு வேரூன்றிய நாடு இங்கிலாந்து. அந்நாட்டில் 1878-ஆம் ஆண்டிலேயே மிதிவண்டிச் செலவினர்க்கென ஒரு கழகம் ஹாரோகேட் என்னும் ஊரில் தோன்றியது. அக்காலத்து வண்டியோ, முன்சக்கரம் ஆளுயரமும் பின்சக்கரம் சாணளவும் கொண்ட விந்தை வண்டி. சிறு கல் தடுக்கினும் அதன்மேல் இருப்பவர் தலைகுப்புற வீழ்வார். 1885-ஆம் ஆண்டில் கவென்றி நகரத்து ஜான் கெம்ப் ஸ்டார்லி என்பார், ஒத்த அளவுள்ள இரு சக்கரங்களும் பின்சக்கரத்தை இயக்கும் சங்கிலியும் பொருந்திய வண்டியை வெளியிட்டார். இன்றைய மிதிவண்டி அதன் வழித்தோன்றலே. 1888-ஆம் ஆண்டில் டன்லப் என்பார் காற்றடைத்த டயரை அமைக்கவே, எலும்பை உலுக்கிய செலவு இன்பச் செலவாயிற்று.

அக்கழகத்தினர் வண்டியோட்டி மகிழ்ந்ததோடு அமைந்துவிட்டாரல்லர். செங்குத்தான இறக்கங்களின் தலைப்பில் எச்சரிக்கைப் பலகைகளை நாட்டினர். நம்பித் தங்கத்தக்க விடுதிகளுக்குத் தம் சின்னமாகிய சிறகுள்ள சக்கரத்தைப் பொறித்துக் கொடுத்தனர். 1886-ஆம் ஆண்டில் சாலைகளைச் சீர்திருத்துதற்கென ஒரு சங்கமும் மிதிவண்டியினரின் முயற்சியால் எழுந்தது. மோட்டார் வண்டி ஊர்ப்புறத்திற்கு வருமுன்னரே நல்ல சாலை வேண்டுமென்று வாதாடியவர்கள் மிதிவண்டிக்காரர்களே என்பதை, இன்று அவர்களைச் சாலையின் ஓரத்திற்கு ஒதுக்குவோர் நினைவிற்கொள்ளுதல் தகும். வேலிச்செடிகள் இருமருங்கும் அடர்ந்த அந்நாட்டுக் குறுஞ்சாலைகளில் மக்கள் இன்றும் விடுமுறை நாள்களில் மிதிவண்டியில் உலா வருகின்றனர்.

தமிழ்நாட்டிலும் மிதிவண்டி புதியதன்று. 1949-ஆம் ஆண்டில் இங்கிலாந்து நாட்டு நிறுவனமொன்றின் கூட்டுறவுடன் தொடங்கப்பெற்ற டி.ஐ. சைக்கிள் நிறுவனம், சென்னையை அடுத்த அம்பத்தூரிலிருந்து வண்டிகளைச் செய்து ஊர்தோறும் பரப்பியது. புதுக்கோட்டை மாவட்டத்தில் 1990-களின் தொடக்கத்தில் நிகழ்ந்த அறிவொளி இயக்கத்தின்போது எழுத்துக் கற்ற பெண்கள் பல்லாயிரவர் மிதிவண்டியும் கற்றனர். இந்நாளில் அரசுப் பள்ளிகளில் 11-ஆம் வகுப்புப் பயிலும் மாணவ மாணவியர்க்கு அரசு விலையின்றி மிதிவண்டி வழங்குகின்றது. எனவே, வண்டி இல்லையே என்னும் குறை பலர்க்கு இல்லை. பள்ளிக்கும் வீட்டுக்கும் இடையிலன்றி வேறெங்கும் அவ்வண்டி உருளாமையே குறை.

மெல்லச் செல்லுதலைச் சோம்பல் என்று எண்ணற்க. அதற்குத் தக்க காரணம் உண்டு. நடப்பவன் ஒரு மணி நேரத்தில் ஐந்து கிலோமீட்டர் செல்வான். ஏறக்குறைய அதே உழைப்பினால் மிதிவண்டியில் செல்பவன் சமநிலத்தில் 12 முதல் 15 கிலோமீட்டர் வரை செல்லலாம். உடலின் எடையை வண்டி தாங்கிக்கொள்வதால், கால்கள் முன்செலுத்தும் வேலையை மட்டுமே செய்கின்றன. ஆனால், விரைவு மிகுமாயின் காற்று எதிர்க்கின்றது. விரைவு இருமடங்கானால் காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்காகும். ஆகவே, பதினைந்து கிலோமீட்டர் விரைவில் செல்வோன் நாள் முழுதும் செல்வான். முப்பது கிலோமீட்டர் விரைவில் மிதிப்போன் சிறிது நேரத்தில் களைத்து மரநிழல் தேடுவான்.

நெடுந்தொலைவு சென்றோரும் நம் நாட்டில் உளர். 1923-ஆம் ஆண்டில் பம்பாயிலிருந்து பார்சி இளைஞர் சிலர் உலகைச் சுற்றிவரப் புறப்பட்டனர். அவர்களுள் ஆதி அக்கீம், சால் பாபசோலா, ரஸ்தம் பூம்காரா என்னும் மூவர் பாலைகளையும் பனிமலைகளையும் கடந்து 1928-ஆம் ஆண்டில் ஊர் திரும்பினர். அவர்தம் ஆண்மை போற்றத்தக்கது. எனினும், உலகைச் சுற்றியவரை வியக்கும் ஒருவர் தம் ஊருக்கு அடுத்த ஊரின் ஏரிப்பெயரை அறியாதிருப்பின், அந்த வியப்பினால் அவருக்கு ஆவதென்ன?

சூளகிரியிலிருந்து புறப்படுவோர் முதலில் அறியவேண்டுவது நிலத்தின் சாய்வு. ஓசூர் கடல் மட்டத்திற்கு மேல் ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் உள்ளது. கிருட்டினகிரி ஏறக்குறைய 500 மீட்டர் உயரத்தில் உள்ளது. முன்னாளில் ஓசூர்ப் பகுதியைப் பாலாகாட்டு என்றும், கிருட்டினகிரிப் பகுதியைப் பாராமகால் என்றும் வழங்கினர். மேட்டு நிலம் இறங்கித் தாழ்நிலமாகும் விளிம்பிலேயே சூளகிரி உள்ளது. ஆதலின், மேற்கே செல்லுதல் ஏற்றம். கிழக்கே செல்லுதல் இறக்கம். காலை வேளையில், உடல் புத்துணர்ச்சியோடு இருக்கும்போது மேற்கு நோக்கிப் புறப்பட்டால், களைத்துத் திரும்பும் வேளையில் நிலமே வண்டியைத் தள்ளிவிடும். ஆடி மாதத்தில் இவ்வழக்கம் இருமடங்கு பயன் தரும். மேல்காற்றும் திரும்பும்போது முதுகுப்புறம் நின்று உதவும். கிழக்கு நோக்கி இன்பமாக இறங்கிப் போய், மாலையில் ஏற்றத்தையும் எதிர்காற்றையும் ஒருங்கே சந்தித்தவர் மறுமுறை இதனை மறவார். மேற்கே தென்பெண்ணைக்கு அண்மையிலுள்ள தொரப்பள்ளி, இராசாசி 1878-ஆம் ஆண்டில் பிறந்த ஊர். அவர் பிறந்த எளிய இல்லம் நினைவில்லமாகப் போற்றப்படுகின்றது.

வடக்கே பேரிகை நோக்கிச் செல்லும் சாலை காய்கறித் தோட்டங்களினூடே செல்வது. தக்காளியும் முட்டைக்கோசும் வண்டியேறும் காட்சி அங்கு நாள்தோறும் உண்டு. அவ்வழியே செல்லச் செல்லக் கருநாடக எல்லை நெருங்கும். “பாட்டி, ஏரிக்கு எவ்வழி?” என்று தமிழில் கேட்டால், ஓர் ஊரில் தெலுங்கிலும் அடுத்த ஊரில் கன்னடத்திலும் விடை வரும், கை மட்டும் இரண்டிடத்தும் ஒரே திசையைக் காட்டும். ஊர்ப்பெயர்களும் அவ்வாறே கலந்து நிற்கின்றன. காமன்தொட்டி என்பதில் உள்ள தொட்டி, நீர்த்தொட்டியன்று; கன்னடத்தில் அது மாட்டுப்பட்டியைக் குறிப்பது. சந்திரம் என முடியும் ஊர்கள் நிலவைக் குறித்தனவல்ல. சமுத்திரம் என்பதன் திரிபு அஃது என்றும், பெரிய ஏரியை உடைமையால் வந்த பெயர் என்றும் கூறுவர். பேருந்தில் விரைவோர்க்குப் பெயர்ப்பலகை கண்ணிற்பட்டு மறையும். மிதிவண்டியில் செல்வோர் பலகையின்கீழ் நின்று பெயரைப் படித்துப் பின்னர் அப்பெயருக்குரிய ஏரியையும் காணலாம்.

கற்களையும் அங்ஙனமே காணவேண்டும். மல்லச்சந்திரத்தை அடுத்த குன்றின்மேல் பெருங்கற்காலத்துக் கற்றிட்டைகள் பல நிற்கின்றன. பெரும் பலகைக் கற்களை நாற்புறமும் நிறுத்தி, மேலே ஒரு கல்லை மூடி அமைத்த அவை, எழுத்து வழங்காத காலத்தார் இறந்தோர்க்கு எடுத்த நினைவுச் சின்னங்கள். கிருட்டினகிரி மாவட்டத்தின் வயல் வரப்புகளிலும் ஏரிக்கரைகளிலும் நடுகற்கள் பல உள்ளன. அவற்றின்மேல் சாய்ந்து இளைப்பாறுதலும், பெயர் கீறுதலும் கூடா. தெற்கே உத்தனப்பள்ளி வழியாகச் சென்றால் இராயக்கோட்டையை அடையலாம். அங்குள்ள மலைக்கோட்டை 1791-ஆம் ஆண்டில் திப்பு சுல்தானின் படையினரிடமிருந்து ஆங்கிலேயர் கைக்கு மாறியது. கோட்டைமேல் ஏறி நின்று நோக்குவோர், வந்த வழியை முழுதும் கண்ணால் அளக்கலாம்.

புறப்படுமுன் செய்யவேண்டுவன சில. டயரைக் கட்டைவிரலால் அழுத்தினால் சிறிதே அமிழ வேண்டும். சங்கிலிக்கு எண்ணெய் இட வேண்டும். பெடல் அடியில் இருக்கும்போது குதிகாலை அதன்மேல் வைத்தால் முழங்கால் மடங்காதிருக்குமாறு இருக்கையின் உயரத்தை அமைத்தல் வேண்டும். தாழ்ந்த இருக்கையே பெரும்பாலோரின் முழங்கால் வலிக்குக் காரணம். இறக்கத்தில் இரு பிரேக்குகளையும் சேர்த்து, விட்டு விட்டுப் பிடித்தல் நன்று. மழையில் இரும்பு விளிம்பு நனைந்தால் பிரேக்கு எளிதில் பிடிக்காது என்பதையும் மறத்தலாகாது. குடிநீர், காற்றடிக்கும் பம்பு, பஞ்சர் ஒட்டும் பொருள்கள் ஆகியவை கேரியரில் இருத்தல் வேண்டும். நெடுஞ்சாலையைக் கடக்க நேர்ந்தால் பாலத்தின்கீழுள்ள வழியே செல்லுதல் வேண்டும். சிறிது தொலைவுதானே என்று எதிர்த்திசையில் ஓட்டுதல் உயிர்க்கு இறுதி.

தெற்கு வழியில் மட்டும் மற்றொரு கருத்து உண்டு. கேழ்வரகு முற்றும் காலத்தில் தளி, சவளகிரிப் பக்கத்துக் காடுகளிலிருந்து யானைக்கூட்டங்கள் சானமாவுக் காட்டிற்கு வருகின்றன. பகலில் காட்டினுள் மறைந்திருந்து, பொழுது சாய்ந்தபின் கொல்லைகளில் இறங்குகின்றன. உழவர் ஆண்டு முழுதும் பாடுபட்ட பயிர் ஓர் இரவில் அழிவதும், மனித உயிர்கள் மாள்வதும் உண்டு. யானையின் மேலும் முழுப்பழி சுமத்தல் இயலாது. அது பழைய தடத்தில் நடக்கின்றது, தடந்தான் துண்டாகிவிட்டது. சங்கப் பாடல்களில், பொருள் தேடப் புறப்பட்ட தலைவன் தன் பயணத்தைச் சிறிது நிறுத்தி வைப்பதைச் ‘செலவழுங்குதல்’ என்பர். வனத்துறையினர் யானை நடமாட்டம் அறிவித்த நாளில் அவ்வழியே செல்ல நினைப்போரும் அதனையே செய்தல் வேண்டும். அன்று வடக்கே பேரிகைச் சாலை இருக்கின்றது. மற்ற நாள்களிலும், கதிரவன் மலைக்கப்பால் இறங்குமுன்னரே வண்டி வீட்டுத் திண்ணையைச் சேர்ந்திருத்தல் வேண்டும்.