பஜ்ஜி மடித்த பேப்பர்

போன மாசம் பைக்காராவில் ஒரு டீக்கடையில் பஜ்ஜி மடித்துக் கொடுத்த பேப்பரில் ஒரு நில எடுப்பு அறிவிப்பு இருந்தது. ஏழு வாரப் பழசு. சர்வே எண்களெல்லாம் தெளிவாகப் படிக்க முடிந்தது.

வெப்சைட்டில் போட்டால் போதாதா, பேப்பருக்கு எதுக்கு விளம்பரக் காசு? சாஃப்ட்வேர்காரனான நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். 2013 நில எடுப்புச் சட்டத்தின் 11-ஆம் பிரிவைப் படித்த பிறகு மாறிவிட்டேன். முதல்நிலை அறிவிக்கை அரசிதழில் வரணும், அந்த வட்டாரத்தில் விற்கும் 2 நாளிதழ்களில் வரணும், அதில் ஒன்று வட்டார மொழியில், ஊராட்சியிலும் கலெக்டர், தாலுகா ஆபீஸ்களிலும் உள்ளூர் மொழியில் வைக்கணும், இணையதளத்திலும் ஏற்றணும். ஆக, இணையம் இதில் கூடுதல் வழிதான், மாற்று வழி இல்லை. ஆட்சேபணை சொல்ல 60 நாள்.

பேப்பர் ஊர் தேடி வரும். வெப்சைட்டை நாம்தான் தேடிப் போகணும், அதுவும் நமக்கு ஒரு அறிவிப்பு இருக்கிறது என்று முன்னாடியே தெரிந்தால்! அப்புறம், அச்சான தாளில் யாரும் பிறகு கை வைக்க முடியாது. சர்வரில் இருக்கிற பிடிஎஃப்பைச் சத்தமில்லாமல் மாற்றி வைக்க என் மாதிரி ஆளுக்கு ஒரு நிமிஷம் போதும். சர்வே எண்ணைப் பதிந்து வைத்தால் எஸ்எம்எஸ் வருகிற மாதிரி செய்யலாம். பெரிய புரோகிராம் இல்லை.

எண்ணெய்த் தாளைக் கடைக்காரரிடம் காட்டினேன். “அட, நம்ம மச்சான் ஊருங்க சார்” என்றார். விரல் விட்டு எண்ணினோம். இன்னும் 11 நாள் இருந்தது.