ஊட்டியா, குற்றாலமா, குலதெய்வம் கோவிலா? வீட்டுக்கு வீடு கோடை "மாநாடு"!

"அப்பா, எங்கே போறோம்?"

ஏப்ரல் பிறந்துவிட்டால் சென்னையில் மாம்பலம் முதல் மண்ணடி வரை எந்த வீட்டுக் கதவைத் தட்டினாலும் இந்தக் கேள்விதான். பிள்ளைகளுக்குப் பரீட்சை முடிகிறது. அப்பாக்களுக்கு அப்போதுதான் பரீட்சை ஆரம்பம்!

லீவு கொஞ்சம். பணம் அதைவிடக் கொஞ்சம். போக வேண்டிய ஊர்களின் பட்டியலோ அனுமார் வால்! எதை வைத்துக்கொள்வது, எதை வெட்டுவது?

2025 ஏப்ரலில் மேற்கு மாம்பலத்தில் அப்படி ஒரு வீட்டு மாநாட்டுக்கு நாமும் போய் உட்கார்ந்தோம்.

குடும்பத் தலைவர் பாரிமுனையில் ஒரு தனியார் கம்பெனியில் கிளார்க். வயது 48. மனைவி, பிளஸ்-2 பரீட்சை எழுதி முடித்த மகள், எட்டாம் வகுப்பு படிக்கும் பையன், 74 வயது தாயார். பூர்வீகம் நெல்லைச் சீமை. அதனால் அந்த வீட்டில் பாட்டிக்கு "ஆச்சி" என்று பெயர்.

சீட்டு எடுத்த பணம் 30 ஆயிரம் ரூபாய் பீரோவில் இருக்கிறது. சனி, ஞாயிறையும் சேர்த்து 5 நாள் லீவு. "அதுக்கு மேலே ஒரு மணி நேரம் கூட மேனேஜர் தரமாட்டார் சார்" என்றார் கிளார்க்.

6 ஊர், 2 ஆயிரம் கிலோமீட்டர்

பையன் தினசரி காலண்டர் தாளைக் கிழித்து, பின்பக்கத்தில் பட்டியல் எழுதி வைத்திருந்தான்.

முதலில் ராமேஸ்வரம். அந்த மாதம் 6-ந் தேதிதான் புதிய பாம்பன் பாலம் திறந்தார்கள். கப்பல் வந்தால் நடுப்பகுதி அப்படியே மேலே தூக்கிக்கொள்ளும் பாலம். அதைப் பார்த்தே ஆக வேண்டுமாம்! அடுத்தது கன்னியாகுமரி. விவேகானந்தர் பாறைக்கும் திருவள்ளுவர் சிலைக்கும் நடுவே 2024 டிசம்பரில் கண்ணாடிப் பாலம் திறந்திருக்கிறார்கள் அல்லவா, அதில் நடக்க வேண்டும். அப்புறம் குற்றாலம், கொடைக்கானல், ஊட்டி.

"அஞ்சு நாள், அஞ்சு ஊர். கணக்கு சரியா வருது!" என்றான் பையன்.

"ஆறாவதா ஒண்ணு எழுதுடா" என்றார் ஆச்சி. "அம்பாசமுத்திரம் பக்கம் நம்ம சாஸ்தா கோவில்."

நாமும் பேனாவை எடுத்தோம். சென்னையில் இருந்து ராமேஸ்வரம், அங்கிருந்து குமரி, சாஸ்தா கோவில், குற்றாலம், கொடைக்கானல், ஊட்டி, மறுபடி சென்னை. கூட்டினால் ஏறக்குறைய 2 ஆயிரம் கிலோமீட்டர்! அதில் கொடைக்கானலும் ஊட்டியும் மலைப்பாதை. கொண்டை ஊசி வளைவுகளில் வண்டி மணிக்கு 25 கிலோமீட்டர் போனால் பெரிய காரியம்.

எழும்பூரில் வேன் ஏற்பாடு செய்து கொடுக்கும் ஒருவரிடம் இதைச் சொன்னோம். சிரித்தார்.

"எல்லாரும் இப்படித்தான் சார் வர்றாங்க. நாலு நாள்ல ஏழு ஊர்னு கேட்பாங்க. திரும்பி வந்தப்புறம் என்ன பார்த்தீங்கன்னு கேட்டா, முன் சீட்டோட முதுகைப் பார்த்தோம்பாங்க!"

ஊட்டிக்கு விழுந்த வெட்டு

ஊட்டி என்றால் யாருக்குத்தான் ஆசை இல்லை? வெள்ளைக்காரன் காலத்தில் கோடை வந்தால் சென்னை ராஜதானி சர்க்காரே பைல்களை மூட்டை கட்டிக்கொண்டு ஊட்டிக்குப் போய்விடும். கத்திரி வெயிலைத் தாங்க முடியாதவர்கள் நாம் மட்டும் இல்லை!

ஆனால் மே மாதத்து ஊட்டி வேறு. மலர் கண்காட்சி அப்போதுதான். ஊரே அங்கே நிற்கும். அறை வாடகை எகிறிவிடும். ஐகோர்ட்டு உத்தரவுப்படி 2024 மே 7-ந் தேதி முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் போகும் வண்டிகளுக்கு இ-பாஸ் வந்துவிட்டது. 2025 கோடையில் அதற்கும் வரம்பு கட்டினார்கள். ஊட்டிக்கு சாதாரண நாளில் 6 ஆயிரம் வண்டி, சனி ஞாயிறில் 8 ஆயிரம். கொடைக்கானலுக்கு 4 ஆயிரம், 6 ஆயிரம். அரசு பஸ்சிலோ ரெயிலிலோ போகிறவர்களுக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை.

"அப்போ மலை ரெயில்ல போவோம்ப்பா!" என்றாள் மகள்.

நல்ல ஆசைதான். மேட்டுப்பாளையத்தில் இருந்து 46 கிலோமீட்டர், பல்சக்கரத்தைக் கவ்விக்கொண்டு ஏற ஏறக்குறைய 5 மணி நேரம். 2005-ல் யுனெஸ்கோ அதைப் பாரம்பரியச் சின்னம் என்று அறிவித்தது. ஆனால் டிக்கெட்? முன்பதிவுக் காலம் 120 நாளாக இருந்ததை 2024 நவம்பர் 1-ந் தேதி முதல் 60 நாளாகக் குறைத்துவிட்டார்கள். மே 10-ந் தேதிக்கு மார்ச்சிலேயே முந்தியிருக்க வேண்டும்.

"நீங்க மார்ச்சுல என்ன பண்ணிட்டு இருந்தீங்க?" என்று மனைவி கேட்டார்.

கிளார்க் தலையைச் சொறிந்தார். மார்ச் என்றால் வருஷக் கணக்கு முடிக்கிற மாதம். அவரைச் சொல்லியும் குற்றம் இல்லை!

ஊட்டி, கொடைக்கானல் இரண்டின் மேலும் கோடு விழுந்தது. பையன் முகம் சுருங்கிவிட்டது.

தண்ணீர் இல்லாத அருவி

குற்றாலத்தை வெட்டியது ஆச்சி.

"சித்திரையில எவனாவது குத்தாலம் போவானா? ஆனி பொறக்கட்டும். சாரல் அடிக்கட்டும். இப்ப போனா பாறையைத்தான் பாக்கணும்."

உண்மைதான். குற்றால சீசன் ஜூனில் தென்மேற்குப் பருவமழையோடுதான் களைகட்டும். மே மாதத்தில் எப்போதாவது கோடை மழை பெய்தால் தண்ணீர் வரும். அது ஆபத்தாகவும் வரும். 2024 மே 17-ந் தேதி பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் பாய்ந்து ஒரு சிறுவன் பலியானான். மலை மேல் பெய்யும் மழை கீழே குளிப்பவர் கண்ணுக்குத் தெரியாது.

ராமேஸ்வரத்தையும் ஆச்சியே விட்டுக்கொடுத்தார். அதுதான் நமக்கு ஆச்சரியம்.

"இருபத்திரெண்டு தீர்த்தமும் ஆடணும்லா தம்பி? ஈரக் கல்லுல இந்த முட்டியை வச்சுக்கிட்டு எப்படி நடக்க? விழுந்தா உங்களுக்குத்தான் கஷ்டம்."

பாக்கி இருந்தது கன்னியாகுமரியும் சாஸ்தா கோவிலும்.

யாரும் கேட்காத ஓட்டு

சாஸ்தா கோவில் என்றதும் ஆச்சியின் குரல் இறங்கிவிட்டது. கணவர் உயிரோடு இருந்தபோது போனது. 11 வருஷம் ஆகிறதாம்.

"பிள்ளை காலேஜு, ஆஸ்டல்னு வெளியூர் போகப் போவுது. போறதுக்கு முந்தி சாஸ்தாகிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு வரணும்யா. அடுத்த தடவைக்கு எனக்குக் காலு இருக்கோ இல்லியோ."

இதற்கு மேல் யார் என்ன பேச முடியும்? "சரிம்மா, கோவிலுக்கே போவோம்" என்று கிளார்க் தாளை மடித்தார்.

மாநாடு முடிந்தது என்று நாமும் செருப்பைத் தேடினோம். அப்போதுதான் மனைவி வாய் திறந்தார். அதுவரை அவரிடம் யாருமே எந்த ஊர் என்று கேட்கவில்லை. நாமும் கேட்கவில்லை, ஒப்புக்கொள்ள வேண்டியதுதான்.

"கோவிலுக்குப் போறது சந்தோஷம்தான் அத்தை. ஆனா தங்குறது பெரியப்பா வீட்டுலதானே? அங்க பதினஞ்சு பேருக்கு இட்லி அவிக்கிறது யாரு? கோவில்ல பொங்கல் வைக்கிறது யாரு? போன தடவை மூணு நாளும் நான் அடுப்படியை விட்டு வெளிய வரலை. வீட்டுக்குப் பின்னாடி ஆறு. நான் கால் கூட நனைக்கலை."

வீடு கப்சிப்! கிளார்க் மின்விசிறியைப் பார்த்தார். பையன் காலண்டர் தாளைப் பார்த்தான்.

"எனக்கு ஊட்டியும் வேண்டாம், குமரியும் வேண்டாம். அஞ்சு நாள் அடுப்புப் பத்த வைக்காம இருந்தா போதும். எந்த ஊரா இருந்தா என்ன?"

ஊர் பேச்சு பேசினோமே தவிர, அந்த ஊரில் யாருக்கு லீவு, யாருக்கு வேலை என்று ஒருத்தரும் பேசவில்லை. மற்ற வீட்டு மாநாடுகளிலும் இதே சங்கதிதான் நடக்கும் என்று நமக்குத் தோன்றியது.

முடிச்சை அவிழ்த்தது மாமியார்! டி.வி. நாடகத்தில் கூட இப்படி வராது.

"அவ சொல்றது ஞாயந்தான். லாட்ஜுல ரூம் போடு. பொங்கலை நீ வையி" என்று மகனிடம் சொன்னார்.

"நானா?"

"ஏன், உங்க அப்பா வைக்கலியா? சாஸ்தா கோவில்ல ஆம்பளைங்களும் வைப்பாங்க. நான் பக்கத்துல உக்காந்து சொல்லித் தாரேன்."

"பெரியப்பா கோவிச்சுப்பாரேம்மா?"

"ஒரு நேரம் சாப்பாட்டுக்குப் போவோம். கோவம் தணிஞ்சிரும்."

அப்புறம் திட்டம் மளமளவென்று போட்டார்கள். தங்குவது அம்பாசமுத்திரத்தில். ஒரே இடம், தினமும் பெட்டி கட்ட வேண்டாம். ஒரு நாள் சாஸ்தா கோவில். ஒரு நாள் பக்கத்தில் பாபநாசம். குற்றாலம் காய்ந்தாலும் அங்கே அகத்தியர் அருவியில் வருஷம் முழுக்கத் தண்ணீர் விழும். பையனுக்குக் குளியல் உறுதி! ஒரு நாள் கன்னியாகுமரி. நெல்லை வழியாக 120 கிலோமீட்டர் சுமார்; விடியற்காலையில் கிளம்பினால் ராத்திரி திரும்பி விடலாம். படகுத்துறையில் கூட்டம் இருந்தால் ஆச்சி கரையிலேயே உட்கார்ந்து கொள்வார்.

டிக்கெட் படலம்

நெல்லை எக்ஸ்பிரசில் பார்த்தார்கள். வெயிட்டிங் லிஸ்ட் மூன்று இலக்கத்தில் நின்றது. ஆச்சிக்கு ரெயிலில் இருந்த முதியோர் சலுகையும் 2020 மார்ச்சிலேயே நிறுத்தப்பட்டு விட்டது. கடைசியில் அரசு விரைவு பஸ். கிளாம்பாக்கத்தில் ஏற வேண்டும். மேற்கு மாம்பலத்தில் இருந்து கிளாம்பாக்கம் போவதே ஒரு சின்ன சுற்றுலாதான்!

ராத்திரி முழுக்க பஸ்சில் முட்டி மடக்கி உட்கார ஆச்சியால் முடியுமா? அதற்காகப் படுக்கை வசதி பஸ். கீழ் படுக்கை ஆச்சிக்கு. கொஞ்சம் கூடுதல் செலவுதான். குமரிக்கு வாடகைக் கார் வேண்டாம், பஸ்சிலேயே போவோம் என்று கிளார்க் அதைச் சரிக்கட்டினார்.

மண்ணடியில் இரும்புக்கடை வைத்திருக்கும் ஒருவரிடம் இந்தக் கதையைச் சொன்னோம். "அஞ்சு நாளா? ஒரு நாள் கடையை மூடினா வாடிக்கை பக்கத்துக் கடைக்குப் போயிடும் சார்" என்றார். அவர் வீட்டில் வருஷா வருஷம் ஒரே ஊர்தான். மாமல்லபுரம். ஞாயிற்றுக்கிழமை காலையில் போய் சாயங்காலம் வந்துவிடுவார்கள். அவர் பிள்ளைகளுக்கு அந்த யானைச் சிற்பத்தின் கால் நகம் வரை மனப்பாடமாம்!

மாம்பலம் வீட்டில் நாம் விடைபெறும்போது பையன் புதிதாக ஒரு காலண்டர் தாளில் "ஊட்டி" என்று எழுதி சுவரில் ஒட்டிக்கொண்டிருந்தான். பக்கத்தில் "2026 மார்ச், டிக்கெட்" என்று சிவப்பு மையில் ஒரு வட்டம்.

கிளார்க் லாட்ஜுக்கு போன் போட்டுப் பேசிக்கொண்டிருந்தார். உள்ளே இருந்து மனைவியின் குரல் வந்தது.

"ஏங்க, அந்த ரூம்ல சமையல்கட்டு கிடையாதே? நல்லா விசாரிச்சுக்குங்க!"