சித்தி தானே எடுத்த கோல்

சித்திக்கு 12 வயதில் மூளைக்காய்ச்சல் வந்தது. செவிப்புலன் அதோடு போய்விட்டது. பேசுவார், தமிழ் நன்றாக வாசிப்பார். ஆனால் தொலைபேசி என்றால் நான்தான். அவருடைய வங்கி அட்டை முடங்கியபோதும் நான்தான் அழைத்தேன். "கணக்கு வைத்திருப்பவரோடுதான் கதைப்போம்" என்றார்கள். அவருக்குக் காது கேட்காது என்றேன். அதே பதில். மறுநாள் இருவரும் பஸ் ஏறிப் போனோம்.

இதற்கான விடையைச் செவிப்புலனற்றவர்களே 1964இல் கண்டுபிடித்துவிட்டார்கள். கலிபோர்னியாவில் றொபேர்ட் வைட்பிரெக்ட் என்ற பௌதிகவியலாளர், எழுத்துகளை ஒலியாக மாற்றித் தொலைபேசிக் கம்பி வழியே அனுப்பும் கருவியைச் செய்தார். கழித்துவிடப்பட்ட பழைய தந்தித் தட்டச்சுப் பொறிகளை அதனுடன் இணைத்து, ஜேம்ஸ் மார்ஸ்டர்ஸ் என்ற பல்வைத்தியருடன் தட்டச்சிலேயே உரையாடினார். இருவருக்குமே காது கேட்காது.

ஒரு குறை: இரு முனையிலும் பொறி வேண்டும். கடைக்காரரிடம் அது இருக்குமா? அதற்காக வந்ததுதான் இடைத்தொடர்புச் சேவை. நீங்கள் தட்டச்சு செய்வதை நடுவில் இருக்கும் ஊழியர் மறுமுனைக்கு வாசிப்பார். அங்கிருந்து வரும் பதிலைத் தட்டச்சு செய்து உங்களுக்கு அனுப்புவார். 1990ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின்படி அமெரிக்கா முழுவதும் இதை 1993க்குள் ஏற்படுத்த வேண்டியிருந்தது. கேட்டதை அந்த ஊழியர் வெளியே சொல்லக்கூடாது என்பதும் சட்டம். என்னைப் பொறுத்தவரை முக்கியமானது இதுதான். வைத்தியரிடம் கேட்க வேண்டியதை எல்லாம் சித்தி மருமகள் மூலமா கேட்பார்?

இப்போது நாங்கள் இரண்டு கைபேசிகளை வைத்துச் சமாளிக்கிறோம். ஒன்றில் அழைத்து ஸ்பீக்கரைப் போடுவோம். பக்கத்தில் மற்றதில் கூகுளின் லைவ் டிரான்ஸ்கிரைப் செயலி. 2019இல் வந்த இது தமிழையும் எழுத்தாக்கும். அழைப்பு நடக்கும் கைபேசியில் செயலிக்கு மைக் கிடைக்காது, அதனால்தான் இரண்டு. இணையம் வேண்டும். மெதுவாகப் பேசச் சொல்லுங்கள். ஆங்கிலம் கலந்தால் சொற்கள் குழம்பும். இலக்கங்களை மறுபடி கேட்டு உறுதிசெய்யுங்கள். ஸ்பீக்கர் என்பதால் கதவைச் சாத்திக்கொள்வதும் நல்லது.

பிறவியிலேயே கேளாதவர்கள் பலருக்குச் சைகையே முதல் மொழி, எழுத்துத் தமிழ் இரண்டாவது. அவர்களுக்கு இந்தச் செயலி போதாது. வீடியோவில் சைகை மொழிபெயர்ப்பாளர் வேண்டும். இடைத்தொடர்புச் சேவையின் வீடியோ வடிவமும் அமெரிக்காவில் நடக்கிறது.

சென்ற மாதம் சித்தி காஸ் கடைக்குத் தானே அழைத்தார். நான் குசினியில் நின்றேன். வந்து, "நாளைக்குத்தானாம் சிலிண்டர் வரும்" என்றார்.