கேட்பவர் மனதிலும் வடு

ஜெயபுரம் தொடக்கம் முள்ளிவாய்க்கால் வரை, 2009இல் முடிந்த போரின் இழப்புகளைச் செவிமடுக்கும் உளவளத்துணையாளரின் மனமும் புண்படும். பிறர் துயரால் நேரும் இம்மனவடுவை அமெரிக்க உளவியலாளர்களான மக்கானும் பேர்ள்மனும் 1990இல் பெயரிட்டு விளக்கினர். உறக்கம் குலையும், மனிதர் மீதான நம்பிக்கை தளரும். எளிதில் பதற்றமடையும் இயல்பினருக்கும், தாமே இழப்பைச் சந்தித்தவருக்கும் ஆபத்து அதிகம். வன்னியில் இப்பணியாற்றுவோரில் பலர் அம்மண்ணின் பிள்ளைகளே. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களிடையே, அச்சமூகத்திலிருந்தே வந்து பணிபுரிவோர் நிலையும் இதுவே.

அதற்காக இளகிய மனத்தினரை விலக்கிவிடலாமா? கல்நெஞ்சரிடம் யார்தான் மனந்திறப்பார்? அனுபவமிக்கவரின் ஒழுங்கான மேற்பார்வை, நாளொன்றுக்குச் சந்திப்போர் தொகைக்கு வரம்பு, ஓய்வு ஆகியன சம்பளத்தைப் போலவே இவர்களுக்கு உரியவை என்பதே எமது நிலைப்பாடு.