லயத்து மாடும் பால் விதிகளும்: அளவுகோல் யார் கையில்?

நுவரெலியா மாவட்டத்துப் பால் என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது அம்பேவெலப் பண்ணைதான். ஆனால் அட்டன், நோர்வூட், மஸ்கெலியா பக்கத் தோட்டங்களில் லயத்துக்குப் பின்னால் ஒன்றிரண்டு மாடுகளைக் கட்டி வளர்க்கும் குடும்பங்களும் பால் ஊற்றுகின்றன. கொழுந்து பறித்துவிட்டு வரும் பெண்தான் வழியில் மானாப்புல்லையும் அறுத்துக் கட்டிச் சுமந்து வருகிறாள். தோட்டச் சம்பளம் போதாத வீட்டில் பால் காசுதான் பிள்ளையின் கொப்பிக்கும் மருந்துக்கும் உதவுகிறது.

இந்தப் பாலுக்கு லீற்றர் கணக்கில் மட்டும் விலை போடுவதில்லை. கொழுப்பு எவ்வளவு, கொழுப்பு தவிர்ந்த திண்மம் எவ்வளவு என்று பார்த்தே மில்கோ போன்ற நிறுவனங்கள் காசு கொடுக்கின்றன. சேகரிப்பு நிலையத்தில் பால்மானியை விட்டுத் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். பிறகு சமஅளவு மதுசாரம் சேர்த்துப் பார்ப்பார்கள். பால் திரிந்தால் ஏற்கமாட்டார்கள். மடிவீக்கத்துக்கு ஊசி போட்ட மாட்டின் பாலையும் குறிப்பிட்ட நாட்களுக்கு ஊற்றக்கூடாது. 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டத்தின்படி கலப்படம் குற்றம்.

இந்த விதிகளில் நியாயம் உண்டு. காய்ச்சாத பாலால் காசநோயும் புருசெல்லோசிசும் மாட்டிலிருந்து மனிதருக்குத் தொற்றலாம். 72 பாகை செல்சியசில் 15 விநாடி சூடாக்கினால் அக்கிருமிகள் அழியும். நம் வீடுகளில் பாலைப் பொங்கக் காய்ச்சிக் குடிக்கும் வழக்கமும் அதே பாதுகாப்பைத் தருகிறது.

மேற்கு நாடுகளில் சண்டை வேறு மாதிரியானது. அங்கே பச்சைப் பாலைக் காய்ச்சாமலே குடிக்க விரும்புவோர் இருக்கிறார்கள். கனடாவில் 1991 முதல் பச்சைப் பால் விற்பனைக்குத் தடை. நம்மவர்கள் பெருமளவில் வாழும் ஒன்ராறியோவில் மைக்கல் ஷ்மிட் என்ற விவசாயி, மாட்டில் பங்கு வாங்கியவர்களுக்கே பால் கொடுப்பதாக வாதாடினார். 2014இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் அதை ஏற்கவில்லை.

நம்மிடமும் பங்கு மாடு உண்டு. ஒருவர் பசுவை வாங்கிக் கொடுப்பார், இன்னொருவர் வளர்ப்பார். கன்றையோ வருமானத்தையோ பேசியபடி பிரித்துக்கொள்வார்கள். 'வாரத்துக்கு விடுவது' என்பது இதுதான். இது சட்டத்தைச் சுற்றிப்போக வந்த வழியல்ல. முதல் இல்லாதவர் மாடு வளர்க்க வந்த வழி. ஆனால் எல்லாம் வாய்ப்பேச்சு. மாடு செத்தால் நட்டம் யாருக்கு என்பது எழுத்தில் இராது.

விதி ஒன்றாக இருந்தாலும் அது எல்லோரையும் ஒரே மாதிரி தாக்குவதில்லை. பெரிய பண்ணையில் குளிரூட்டித் தாங்கி இருக்கும். கறந்தவுடன் பாலை 4 பாகைக்குக் குளிரவைக்கலாம். லயத்துக்காரரோ குண்டும் குழியுமான பாதையில் பாலைச் சுமந்து வரவேண்டும். பல இடங்களில் காலையில் மட்டுமே சேகரிப்பு. மாலைப் பாலை அயலில்தான் விற்கவேண்டும். சேகரிப்பவர் அளந்து சொல்லும் கொழுப்பு வீதம் சரியா என்று பார்க்க அவரிடம் கருவியும் இல்லை.

எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது நிலம். தோட்டங்கள் 1970களில் அரசுடைமையாகி, 1992இல் நிர்வாகம் பிராந்தியக் கம்பனிகளிடம் போனது. மாட்டுக் கொட்டில் நிற்கும் மண் தொழிலாளிக்குச் சொந்தமில்லை. சீமெந்துத் தரை போடவும் புல் நடவும் நிர்வாகத்தின் தயவு வேண்டும். உறுதி இல்லாதவருக்கு வங்கிக் கடனும் எளிதில் கிடைப்பதில்லை. சுத்தமான கொட்டில் வேண்டும் என்று விதி கேட்கிறது. அதைக் கட்ட இடம் யார் கொடுப்பது?

1977, 1983 வன்முறைகளில் மலையகத்தை விட்டு வன்னிக்குப் போன குடும்பங்கள் பல, அங்கே வளர்த்த மாடுகளையும் 2009இல் இழந்தன. போருக்குப் பின் வாழ்வாதார உதவியாகப் பசு பெற்ற குடும்பங்களும் உண்டு. பசு கிடைத்தாலும் அருகில் குளிரூட்டும் நிலையம் இல்லையென்றால் நிலைமை லயத்துக்காரரின் நிலைமைதான்.

2022இல் டொலர் இல்லாமல் பால்மாவுக்கு நாடே வரிசையில் நின்றது. உள்நாட்டுப் பால் பெருகவேண்டும் என்று அப்போது எல்லோரும் சொன்னார்கள். அதற்கு விதிகளைத் தளர்த்தத் தேவையில்லை. பால் ஊற்றுவோர் சங்கமாகச் சேர்ந்தால் ஒரு பரிசோதனைக் கருவியும் சிறு குளிரூட்டித் தாங்கியும் பொதுவில் வைத்திருக்கலாம். அதுவரை ஒவ்வொரு நாளும் லீற்றரையும் கொழுப்பு வீதத்தையும் அட்டையில் எழுதித் தரும்படி கேட்டு வாங்குங்கள். வார மாட்டுக்கும் ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். கொட்டிலுக்கும் புல்லுக்கும் உரிய நிலத்தை, வீட்டுக்காணி கேட்கும்போதே சேர்த்துக் கேட்கவேண்டியது தொழிற்சங்கங்களின் பொறுப்பு.