உங்கள் தெருவுக்கு உப்பு லொறி வருமா?

"கவுன்சில் டாக்ஸ் கட்டுறம், எங்கட தெருவுக்கு மட்டும் ஏன் உப்புப் போடேல்லை?" லண்டனின் ஹாரோவிலும் ஈஸ்ட்ஹாமிலும் வீதி உறைந்து கிடக்கும் காலைகளில் நம்மவர்கள் கேட்கும் கேள்வி இது. நியாயமான கேள்விதான், ஆனால் பெரும்பாலும் காலம் பிந்திக் கேட்கப்படுகிறது. எந்தத் தெருவுக்கு லொறி போகும், எதற்குப் போகாது என்பதை ஒவ்வொரு கவுன்சிலும் குளிர் தொடங்கும் முன்னரே எழுதி வைத்துவிடுகிறது. 'குளிர்காலச் சேவைத் திட்டம்' என்ற அந்த ஆவணத்தையும் வீதி வரைபடத்தையும் பெரும்பாலான கவுன்சில்களின் இணையதளங்களில் காணலாம். அதைத் தேடிப் படிப்பவர்கள்தான் குறைவு.

2003க்கு முன்னர் நிலைமை இன்னும் மோசம். 1991 நவம்பரில் கிழக்கு சசெக்ஸ் பகுதியில் காலை வேளையில் வேலைக்குப் போன ஒருவரின் கார், கண்ணுக்குத் தெரியாத கறுப்பு ஐஸில் வழுக்கிப் பாலச் சுவரில் மோதியது. அவருடைய உடல் ஏறத்தாழ முழுவதும் செயலிழந்தது. உப்பு லொறி அந்த இடத்துக்கு இன்னும் சில நிமிடங்களில் வந்திருக்கும். வழக்கு பிரபுக்கள் சபை வரை போனது. வீதியைப் பராமரிக்கும் கடமைக்குள் ஐஸை அகற்றும் கடமை அடங்காது என்று 2000இல் தீர்ப்பு வந்தது. 2003 ஜனவரி இறுதியில் எம்11 மோட்டர்வேயில் ஆயிரக்கணக்கானோர் இரவு முழுவதும் பனியில் சிக்கிக் கிடந்தார்கள். சட்டம் அந்த ஆண்டில்தான் மாறியது. 1980ஆம் ஆண்டு நெடுஞ்சாலைச் சட்டத்தின் 41ஆம் பிரிவில் புதிய உட்பிரிவு ஒன்று சேர்க்கப்பட்டது. பனியாலோ ஐஸாலோ வீதியில் போவோருக்கு ஆபத்து வராமல், நியாயமாகச் செய்யக்கூடிய அளவுக்குப் பார்த்துக்கொள்வது இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இப்போது வீதி அதிகாரசபையின் கடமை. ஸ்கொட்லாந்துக்குத் தனிச் சட்டம் உண்டு.

'நியாயமாகச் செய்யக்கூடிய அளவுக்கு' என்ற சொற்கள் விசாலமானவை. எல்லாத் தெருவுக்கும் உப்புப் போட எந்தக் கவுன்சிலிடமும் லொறியும் இல்லை, பணமும் இல்லை. எனவே பிரதான வீதிகள், பஸ் போகும் பாதைகள், மருத்துவமனைக்கும் தீயணைப்பு நிலையத்துக்கும் போகும் வழிகள் முதலில் வரும். குடியிருப்புத் தெருக்கள் பட்டியலின் கடைசியில் இருக்கும், அல்லது பட்டியலிலேயே இராது. இதை நீதிமன்றங்களும் ஏற்றுக்கொள்கின்றன. ஆகவே, "என் தெருவுக்குப் போடவில்லை" என்ற முறைப்பாடு பொதுவாக நிற்காது. "போடுவதாகத் திட்டத்தில் எழுதிவிட்டுப் போடவில்லை" என்றால் விஷயம் வேறு.

உப்பின் வேலையையும் தெரிந்துகொள்ள வேண்டும். செஷயரில் உள்ள வின்ஸ்ஃபோர்ட் சுரங்கத்தில் 1844இல் பாறை உப்பு வெட்டத் தொடங்கினார்கள். அங்கிருந்தும் வேறு சில சுரங்கங்களிலிருந்தும் வருவதுதான் வீதியில் விழுகிறது. ஸ்னோ கொட்டிய பிறகு போடுவதைவிட, வீதி உறையும் முன்னரே போடுவதுதான் முறை. அதனால்தான் வானம் தெளிந்திருக்கும் மாலைகளிலும் லொறிகள் ஓடுகின்றன. உப்பு கரைந்து பரவ வாகனங்களின் சக்கரங்களும் வேண்டும், ஆள் நடமாட்டம் இல்லாத இடத்தில் அது சும்மா கிடக்கும். வெப்பநிலை மைனஸ் 8, 10 பாகைக்குக் கீழே போனால் உப்பும் கைவிட்டுவிடும்.

2009 பெப்ரவரி 2 அன்று லண்டன் பஸ்கள் அனைத்தும் நின்றுபோயின. அந்தக் காலத்துக் குளிர்களில் பல கவுன்சில்களின் உப்புக் கையிருப்பும் தீரும் நிலைக்கு வந்தது. அதன் பின் இதை ஆராய்ந்து 2010இல் வந்த குவாம்பி ஆய்வறிக்கை, 12 நாள் கடும் குளிரில் 48 தடவை போடுவதற்கான உப்பைக் கையில் வைத்திருக்கும்படி சொன்னது. உங்கள் கவுன்சில் எவ்வளவு வைத்திருக்கிறது என்று தகவல் சுதந்திரச் சட்டத்தின் கீழ் நீங்கள் கேட்கலாம். 20 வேலைநாட்களுக்குள் பதில் தர வேண்டும்.

யாரிடம் கேட்பது என்பதிலும் குழப்பம் உண்டு. இங்கிலாந்தில் மோட்டர்வேக்கள் நேஷனல் ஹைவேஸின் பொறுப்பு. லண்டனின் சிவப்புக் கோட்டுப் பெருவீதிகள் டிரான்ஸ்போர்ட் ஃபார் லண்டனிடம், மீதி பெரும்பாலும் பரோ கவுன்சிலிடம். லண்டனுக்கு வெளியே பல இடங்களில் வீதி கவுண்டி கவுன்சிலுக்கு, குப்பை டிஸ்ட்ரிக்ட் கவுன்சிலுக்கு. சூப்பர்மார்க்கெட் கார் பார்க்கில் விழுந்தால் கவுன்சிலைத் தேடிப் போகாதீர்கள், அது அந்த இடத்தை வைத்திருப்பவரின் பொறுப்பு.

நடைபாதையில் விழுந்து கை முறிந்தால் முதலில் வைத்தியம். முடிந்தால் கூட வந்தவர் அந்த இடத்தை அப்போதே படம் எடுக்கட்டும், ஐஸ் மத்தியானத்துக்குள் கரைந்துவிடும். நேரம், கண்டவர்களின் பெயர், மருத்துவப் பதிவு எல்லாவற்றையும் வைத்திருங்கள். பிறகு, அந்த இரவு அந்த வழியில் லொறி போனதா என்ற பதிவைக் கேளுங்கள். காயத்துக்கான வழக்குக்குப் பொதுவாக 3 ஆண்டுக் கால எல்லை. நியாயமான கவனம் எடுத்தோம் என்று 58ஆம் பிரிவின் கீழ் கவுன்சில் வாதிடும், அந்த வாதத்தை உடைக்கக்கூடியது அவர்களுடைய சொந்தத் திட்டமும் சொந்தப் பதிவும்தான். பனி பாதையை அடைத்துக் கிடந்தால், 150ஆம் பிரிவின்படி யாரும் மஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் முறையிடலாம். நீதிமன்றம் 24 மணி நேரத்துக்குக் குறையாத அவகாசம் கொடுக்கும். அதற்குள் பனியே கரைந்துவிடலாம் என்பது வேறு கதை!

காயமில்லாத சேவைக் குறைகளுக்கு முதலில் கவுன்சிலின் முறைப்பாட்டுப் பிரிவு, அடுத்து உள்ளாட்சி ஒம்புட்ஸ்மன். அவரிடம் பொதுவாக 12 மாதத்துக்குள் போக வேண்டும். பனியால் குப்பை லொறி வராவிட்டால் குப்பைத் தொட்டியை உள்ளே இழுக்காமல், கவுன்சிலின் அறிவித்தலைப் பாருங்கள். சில கவுன்சில்கள் அடுத்த முறை மேலதிகப் பைகளையும் எடுக்கும்.

வீட்டு வாசலைச் சுத்தம் செய்தால் வழக்கு வரும் என்ற பயம் நம்மிடையே பரவலாக இருக்கிறது. கவனமாகச் செய்தவர் மீது வழக்கு வருவது அரிது என்று அரசாங்கமே சொல்கிறது. கேத்தில் தண்ணீரை மட்டும் ஊற்ற வேண்டாம், அது மறுபடி உறைந்து கறுப்பு ஐஸாகும். பனியை வழித்துவிட்டு, சதுர மீட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி சமையலுப்புத் தூவினால் போதும். தெருமுனையில் கவுன்சில் வைத்த உப்புப் பெட்டி பொதுப் பாதைக்கு மட்டுமே. தனி டிரைவ்வேக்கு அள்ளக் கூடாது. உங்கள் தெரு மேட்டில் இருந்து, பெட்டியும் இல்லையென்றால், அயலவர்களோடு சேர்ந்து கவுன்சிலருக்கு இலையுதிர் காலத்திலேயே எழுதுங்கள்.

குளிர்ப் பிரச்சினை வீட்டுக்குள்ளும் உண்டு. வாடகை வீட்டின் பொய்லர் பழுதானால் திருத்துவது வீட்டுக்காரரின் சட்டக் கடமை. அவர் இழுத்தடித்தால் கவுன்சிலின் சுற்றாடல் சுகாதாரப் பிரிவை அழையுங்கள். கடும் குளிர் வீட்டு அபாயங்களில் ஒன்றாகச் சட்டப்படி மதிப்பிடப்படுகிறது, அது மோசமான தரத்தில் இருந்தால் கவுன்சில் நடவடிக்கை எடுத்தே ஆக வேண்டும். வெளியே படுப்பவர்களுக்காக, இரவு வெப்பநிலை பூச்சியத்துக்கு இறங்கும் என்ற எதிர்வுகூறல் வந்தாலே பல கவுன்சில்கள் அவசர இடங்களைத் திறக்கின்றன. அது சட்டக் கட்டாயம் அல்ல, ஆனாலும் நடைமுறையில் இருக்கிறது. யாரையாவது கண்டால் ஸ்ட்ரீட்லிங்க் இணையதளத்தில் இடத்தைக் குறித்து அறிவிக்கலாம். ஆள் அசைவற்றுக் கிடந்தால் நேரே 999.