ஏவலும் வினாவும்

ஆங்கில இலக்கண நூலார் வாக்கியங்களை நான்கு வகையாகப் பகுப்பர். ஒன்றை உரைப்பது செய்தி வாக்கியம்; வினவுவது வினா வாக்கியம்; ஏவுவது கட்டளை வாக்கியம்; வியப்பு, துயர் முதலியவற்றை வெளியிடுவது உணர்ச்சி வாக்கியம். அட்டனிலும் நுவரெலியாவிலும் பயிலும் மாணவர் இவற்றை எளிதில் மனனம் செய்துவிடுவர். ஆயினும் வாக்கியத்தின் வடிவம் வேறு, அது செய்யும் வேலை வேறு என்பது பாடப் புத்தகத்தைக் காட்டிலும் தேயிலை மலையிலேயே நன்கு விளங்கும்.

கட்டளை வாக்கியத்தை நோக்குவோம். 19ஆம் நூற்றாண்டில், தோட்டத்துக்குப் புதிதாக வரும் சின்னத்துரைமார் தமிழ் பழகுவதற்கென்று பெர்குசன் என்பாரின் கையேடு ஒன்று கொழும்பில் வெளிவந்தது. அதன் பெயரே 'இங்கே வா'. புத்தகத்தைத் திறக்குமுன்னரே ஓர் ஏவலைக் கற்றாயிற்று!

ஆங்கிலத்தில் 'கம் ஹியர்' என்னும்போது எழுவாய் வெளிப்படையாக நில்லாது. 'யூ' என்பது தொக்கி நிற்கும். சிறுவனை அழைப்பினும் முதியவரை அழைப்பினும் வினைச்சொல் மாறுவதில்லை. பணிவு வேண்டுவோர் 'பிளீஸ்' என்பதைச் சேர்ப்பர்; அல்லது 'வில் யூ கம் ஹியர்?' என்று கேட்பர். பின்னது வடிவத்தில் வினா, பொருளில் ஏவல். தமிழோ மரியாதையை வினையின் ஈற்றிலேயே வைத்திருக்கிறது: வா, வாரும், வாருங்கள். 'கம்' என்பதை 'வா' என்று பெயர்ப்பது இலக்கணப் பிழையன்று. ஆனால், பேரன் பேத்தி கண்ட பெரியவர்களும் பிரட்டுக் களத்தில் அந்த ஒருமையாலேயே அழைக்கப்பட்டனர். ஆங்கிலத்தில் இல்லாத ஓர் இழிவு மொழிபெயர்ப்பில் வந்து சேர்ந்தது.

செய்தி வாக்கியமும் இப்படித்தான். கொழுந்து நிறுக்கும் இடத்தில், 'கொழுந்து ஈரம்' என்று கணக்கப்பிள்ளை சொல்கிறார். எழுவாயும் பயனிலையும் உள்ள எளிய செய்தி அது. சாக்குக்கும் ஈரத்துக்கும் எடை கழிப்பது தோட்ட வழக்கமாதலால், கூடையைச் சுமந்து நிற்பவளுக்கு அது தீர்ப்பு. கழித்தபின் எடை குறித்த அளவுக்குக் குறைந்தால் அன்று அரைப் பேர்தான். அதாவது அரை நாட் சம்பளம்.

அவள் 'இவ்வளவுதானா?' என்கிறாள். எடை அவளுக்குத் தெரியாமலில்லை. விடையை எதிர்பார்த்து அவள் கேட்கவுமில்லை. வினா வடிவில் வந்த முறையீடு அது. கணக்கப்பிள்ளை 'ஆமாம்' என்று சொல்லி அடுத்த கூடையை எடுக்கிறார். இதனை ஆங்கிலத்தில் எழுதும் மாணவர் 'இஸ் திஸ் ஆல்' என்று எழுதி இறுதியில் வினாக்குறி இடுவது முறை. உணர்ச்சிக்குறி இட்டாலும் பிழையென்று சொல்வதற்கில்லை.